617 இலக்க எண்ணை உடைத்தால் வங்கிப் பூட்டு திறந்துவிடுமா? எளிய விளக்கம்

செல்போனில் வங்கி இணையதளத்தைத் திறக்கிறோம், பாஸ்வேர்டு போடுகிறோம். அது போலித் தளம் இல்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? பல தளங்களில் அந்த உத்தரவாதமே 617 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்தான்.

அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால், எந்த இரண்டு பகா எண்களைப் பெருக்கி அது வந்தது என்பது ரகசியம். அதைக் கண்டுபிடித்தால் சாவி கைக்கு வந்துவிடும்.

பெருக்குவது ஈஸி... பிரிப்பது?

89-ஐயும் 97-ஐயும் பெருக்கினால் 8,633. ஒரு நிமிட வேலை. ஆனால் 8,633-ஐ மட்டும் கொடுத்து, அதன் பகாக் காரணிகளைக் கேட்டால்? 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனால், 24-வது முயற்சியில்தான் 89 சிக்கும்.

இந்தச் சிரமத்தையே பூட்டாக்கியவர்கள் ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மேன். 1977-ல் அவர்கள் உருவாக்கிய முறைக்கு, மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஆர்எஸ்ஏ என்று பெயர்.

பொய்த்துப்போன கணிப்பு

அதே ஆண்டு 129 இலக்க எண் ஒன்று சவாலாக வெளியானது. பரிசு 100 டாலர். இதைப் பிரிக்க 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்று அப்போது கணிக்கப்பட்டது. ஆனால் 17 ஆண்டுகளில், 1994-ல் கதை முடிந்தது. சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் இணையம் வழியாகச் சேர்ந்து அதைப் பிரித்துவிட்டன. கணினிகளின் வேகம் மட்டும் காரணமில்லை, காரணிகளைத் தேடும் வழிகளும் மேம்பட்டிருந்தன.

2020 பிப்ரவரியில் 250 இலக்க எண்ணும் உடைந்தது. ஒரே ஒரு பிராசசர் கோர் மட்டும் வேலை செய்திருந்தால், அதற்கு சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

617 இலக்க ஆர்எஸ்ஏ-2048 எண்ணுக்கு 2 லட்சம் டாலர் பரிசு இருந்தது. 2007-ல் போட்டியே கைவிடப்பட்டது. அந்த எண் இன்னும் உடையவில்லை.

'சீனா உடைத்துவிட்டது' - உண்மையா?

2024 அக்டோபரில் இப்படி ஒரு செய்தி பரவியது. ஷாங்காய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குவாண்டம் கணினியால் பிரித்தது 22 பிட் எண். அதாவது அதிகபட்சம் 7 இலக்கம். அதை நம் கையில் இருக்கும் செல்போனே கண்சிமிட்டும் நேரத்தில் பிரித்துவிடும். வங்கிகள் நம்பியிருப்பதோ 2048 பிட்.

அப்படியென்றால் பயமே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. போதிய திறனுள்ள குவாண்டம் கணினி வந்தால் இந்தப் பூட்டு நிற்காது என்று 1994-லேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். 2048 பிட் எண்ணை 8 மணி நேரத்தில் உடைக்க 2 கோடி க்யூபிட் தேவை என்பது 2019-ம் ஆண்டு மதிப்பீடு. 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முடியும் என்று 2025-ல் கூகுள் ஆய்வாளர் கிரெய்க் கிட்னி கணக்கிட்டார். 2023-ல் ஐபிஎம் வெளியிட்ட காண்டோர் சிப்பில் இருந்தது 1,121 க்யூபிட்தான். தூரம் அதிகம்தான். ஆனால் இலக்கு நம்மை நோக்கி நகர்ந்து வருகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பூட்டிய தகவலை இன்றே திருடி வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் திறந்து பார்க்கலாம். 20 ஆண்டுகள் ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவ, ராணுவத் தகவல்களுக்கு ஆபத்து இன்றே தொடங்கிவிட்டது.

அடுத்து என்ன?

பகா எண்களை நம்பாத வேறு கணக்குகளின் அடிப்படையில், 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 3 புதிய பூட்டு முறைகளை அறிவித்தது. பூட்டை மாற்றும் வேலை பிரவுசர்களிலும் செயலிகளிலும் தொடங்கிவிட்டது. பயனாளர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போனில் வரும் அப்டேட்டை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். புதிய பூட்டு அதில்தான் வரும்.