அகத்தியர்கூடப் பாதையை மூடிவிடாதீர்கள்



காட்டைக் காக்க அகத்தியர்கூட மலையேற்றத்தை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அவர்களுடைய அக்கறை நியாயமானது, தீர்வு நியாயமல்ல. 1,868 மீட்டர் உயரமுள்ள இந்த மலைக்கு இப்போதும் முன்பதிவு செய்து, ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள்தான் போக முடியும்.

பெண்களுக்கு அந்த வாய்ப்பும் எளிதில் கிடைத்துவிடவில்லை. வழக்குப் போட்டு, 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே வழி திறந்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சியை அடைந்தபோது எங்களைப் போன்ற பெண்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. போனக்காட்டில் தொடங்கும் நடை, அதிருமலையைக் கடந்து, மொட்டைப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறுவதில் முடிகிறது. பனிமூட்டத்தில் பாறை ஈரமாகிவிட்டால் கால் ஊன்ற இடம் தேட வேண்டும்.

மலையைத் தெய்வமாக வணங்கும் காணி மக்களின் மனம் புண்படக் கூடாது. ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை அறிவியலாளர்களுக்குக் காட்டித் தந்தவர்கள் அவர்கள். எத்தனை பேர் ஏறலாம், எங்கே தங்கலாம் என்று முடிவெடுக்கும்போது வனத்துறை அவர்களையும் உட்கார வைத்துப் பேசட்டும். ஏறுபவர் எண்ணிக்கையை இன்னும் குறைத்தாலும் ஏற்போம். பாதையை மட்டும் மூட வேண்டாம்.

– மலையேறும் வாசகி, வழுதக்காடு, திருவனந்தபுரம்