கடல்போல் கடை, கரைசேர்க்க ஆளில்லை

வீட்டுக்கு வேண்டிய ஆணி முதல் அலமாரி வரை அத்தனையும் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கும் என்று பறைசாற்றிக்கொண்டு பேரங்காடிகள் தலைநகரின் ஓரங்களில் எழுந்து நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் குளிர்ந்த காற்று உண்டு. கண்ணைப் பறிக்கும் விளக்குகள் உண்டு. தள்ளிச் செல்ல வண்டி உண்டு. இளைப்பாறத் தேநீர்க் கடைகூட உண்டு. கேட்ட கேள்விக்கு விடை சொல்ல ஓர் ஆள் உண்டா? அதுதான் இல்லை. ஆள் இருந்தால் விடை இருப்பதில்லை. விடை அறிந்தவர் என்று ஒருவரைச் சுட்டினால், அவருக்கு அன்று விடுமுறையாக இருக்கிறது!

மாணவனுக்கும் குழாய்க் கடைக்கும் என்ன உறவு என்று கேட்கும் தோழர்கள், விடுதியில் இடம் பெற்ற பாக்கியசாலிகள். பெறாதவர் கதை வேறு. ஒவ்வோர் ஆண்டும் தெற்கேயிருந்து பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்குகிறோம். மூவர் நால்வராகச் சேர்ந்து பல்கலைக் கழகத்துக்கு அப்பால் ஒரு மாடியறையைப் பிடிக்கிறோம். முன்பணம் வாங்கும்போது வாயெல்லாம் பல்லாக நின்ற வீட்டுக்காரர், குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால், "நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கதவைச் சாத்துகிறார். மொழியோ அரைகுறை, ஊரோ புதிது, கையில் இருப்பது உதவித்தொகை வரும்வரை தாங்க வேண்டிய பணம். இந்த நிலையில் நாம் பேரங்காடியை நாடுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே விலை எழுதி ஒட்டியிருக்கிறது. பேரம் பேசத் தெரியாத நாவுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் கட்டடச் சாமான் வியாபாரம் சோப்பு வியாபாரம் அன்று. சோப்பை எடுத்துவந்தால் தேய்த்துக் குளிக்கலாம். எவரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. குழாய் அப்படியா? அது எந்தச் சுவரில், எந்தப் பைப்பில், எந்த மரையில் பொருந்தும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த அறிவு பண்டத்தின் பாதி. பாதியை மட்டும் கொடுத்து முழு விலை வாங்குவதைத்தான் நான் குறை கூறுகிறேன்.

"அரை அங்குலம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர் என்று பள்ளியிலேயே படித்தோம். அரை அங்குலக் குழாய் என்று விற்பதன் மரையை எங்கள் ஆய்வுக்கூடத்து வெர்னியரில் வைத்து அளந்தேன். ஏறத்தாழ 21 மில்லிமீட்டர்! வெர்னியரில் பிழையில்லை. பழைய நாளில் இரும்புப் பைப்பின் உள்விட்டத்தைக் கொண்டு வைத்த பெயர் அது. விட்டம் மாறியபின்னும் பெயர் நின்றுவிட்டது. வெந்நீருக்குப் போடும் இளமஞ்சள் நிறச் சி.பி.வி.சி. பைப் இருக்கிறதே, அதிலும் அரை அங்குலம் உண்டு. அதன் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர், செப்புக் குழாயின் அளவைப் பின்பற்றியது. வெள்ளை யு.பி.வி.சி. பைப்பிலோ, இரும்புப் பைப்பின் அளவைத் தழுவிய வகையில், அரை அங்குலம் என்பது 21.3 மில்லிமீட்டர். ஆக ஒரே தட்டில் மூன்று அரை அங்குலங்கள் உட்கார்ந்திருக்கின்றன; ஒன்றும் அரை அங்குலம் இல்லை! இவற்றையெல்லாம் பெட்டியில் அடைத்து, வரிசையாக அடுக்கிவிட்டு, "தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள்" என்று விளம்பரமும் செய்கிறார்கள். எழுத்தறியாதவன் கையில் நூலகத்தின் சாவியைக் கொடுத்ததுபோல் இருக்கிறது இந்தச் சுதந்திரம்.

விளக்கிலும் இதே கதைதான். நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்குவது, இரு பக்கமும் முனை வைத்துச் செருகித் திருப்பும் பி22 பல்பு. திருகி ஏற்றும் இ27 வேறு. மேசைவிளக்கு ஒரு வரிசையிலும் பல்பு இன்னொரு வரிசையிலும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அறியா. செங்கல் சுவரைக் கெட்டியாகக் கவ்வும் சாதாரண பிளாஸ்டிக் பிளக், புதுக் கட்டடங்களில் வைக்கும் காற்றுக் கண்ணறை நிறைந்த ஏ.ஏ.சி. கல்லில் அவ்வாறு நிற்காது. புத்தக அலமாரி தலைமேல் விழுந்தபின் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியா இது?

நிற்க. சென்ற ஆண்டு எங்கள் அறைக்கு ஒரு குழாயும் ஓர் எல்போவும் வாங்க, மெட்ரோவிலும் ஆட்டோவிலுமாக ஒரு மணி நேரம் பயணம் செய்து இத்தகைய கடை ஒன்றுக்குப் போனோம். குழாய்ப் பகுதியில் நின்றிருந்த இளைஞரை "பையா" என்று அழைத்தேன். (இங்கே பையா என்றால் அண்ணன், நம் ஊர்ப் பையா அன்று. புதிதாக வந்த தோழர்கள் கூச்சப்பட வேண்டாம்.) வெந்நீர்ப் பைப்புக்கு எல்போ வேண்டும் என்றேன். அவர் ஒரு பெட்டியை எடுத்து, அதில் எழுதியிருந்ததை எனக்கே படித்துக் காட்டினார். மேலும் கேட்டபோது, "திரைச்சீலைப் பகுதியிலிருந்து இன்று காலைதான் என்னை இங்கே மாற்றினார்கள்" என்று மெல்லச் சொன்னார். பொறுப்பாளரை அழைத்துவரப் போனவர் இருபது நிமிடம் கழித்துத் தனியே திரும்பி வந்தார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். எல்போ பைப்பின்மேல் தொளதொளவென்று ஆடியது. குழாயோ, இறுக மூடிய பிறகும் தலைப்பக்கம் கசிந்தது.

மறுவாரம் திரும்பக் கொண்டுபோனோம். "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், எடுத்துக்கொள்ள முடியாது" என்றது முதல் மேசை. "தயாரித்த கம்பெனியைக் கேளுங்கள்" என்றது இரண்டாம் மேசை. மூன்றாம் மேசையில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். அது ஓயாமல் சங்கீதம் பாடியதே தவிரப் பேசவில்லை. பெட்டியைப் பிரிக்காமலே குழாய் ஒழுகுவதைக் கண்டறியும் வித்தையை எந்தப் பல்கலைக் கழகமும் இதுவரை கற்பிக்கவில்லை.

எங்களுக்கு முன்னால் நின்ற கனவான் ஒருவர், மேசையில் இருந்த பெண்ணைப் பார்த்து, கடை முழுதும் கேட்கும்படி இரைந்தார். படிப்பு உண்டா, அறிவு உண்டா, யார் உன்னை வேலையில் வைத்தது என்றெல்லாம் கேட்டார். அந்தப் பெண் தலைநிமிரவில்லை. இரைந்தவருக்கும் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. நம்மவர் சிலரும் இப்படிச் செய்வதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெட்டியைப் பிரித்தால் எடுக்காதே என்று கட்டளை இட்டவள் அவளா? திரைச்சீலைக்காரரைக் குழாய்க்கு மாற்றியவர் அந்த இளைஞரா? பேச்சை வைத்துப் பார்த்தால் அவர் பீகார்ப் பக்கத்தவர். நம்மைப் போலவே ரயிலேறிப் பிழைக்க வந்தவர். இதில் வேடிக்கை, பல கடைகளில் அங்கே நிற்பவர் கடையின் ஆளே அல்லர். வண்ணப்பூச்சுக் கம்பெனியோ குழாய்க் கம்பெனியோ தன் பண்டத்தைத் தள்ளிவிட நிறுத்திவைத்த ஆள். அல்லது ஒப்பந்தக்காரர் அனுப்பிவைத்த ஆள். பக்கத்துத் தட்டைப் பற்றி அவருக்கு எவரும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. கடைப் பணியாளர் உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்பதற்கே சட்டத் திருத்தம் தேவைப்பட்டது; கேரளம் 2018 இலும் தமிழ்நாடு 2021 இலும் அதைச் செய்தன. உட்கார வைக்கவே சட்டம் வேண்டிய தொழிலில், கற்பித்து வைக்க முதலாளிகள் தாமே ஓடிவருவார்களா?

பெரிய கடை என்றாலே இப்படித்தான் என்று தோள் குலுக்கும் நண்பர்களுக்காக ஒரு வரலாறு சொல்கிறேன். அமெரிக்காவில் 'ஹோம் டிப்போ' என்னும் நிறுவனத்தை 1978 இல் பெர்னி மார்க்கஸ், ஆர்தர் பிளாங்க் என்ற இருவர் தொடங்கினர். இத்தகைய வேறொரு கடையில் வேலை போனவர்கள் அவர்கள். 1979 இல் அட்லாண்டா நகரில் முதல் கடைகள் திறந்தன. கிடங்கு போன்ற கட்டடம்தான். ஆனால் ஆரஞ்சு நிற முன்றானைத் துணி கட்டி நின்ற ஆட்களில் கைத்தொழில் பழகியவர்கள் இருந்தார்கள். குழாய் பூட்டவும் ஓடு பதிக்கவும் வந்தவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கடை வளர்ந்தது அதனால்தான். 2000 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து ராபர்ட் நார்டெல்லி தலைமைக்கு வந்தார். கணக்கில் புலி. செலவை இறுக்கினார், பகுதிநேர ஆட்களைப் பெருக்கினார், பழகிய கைகள் குறைந்தன. ஏட்டுக் கணக்கு அவரைக் கைவிடவில்லை. 2000 இல் ஏறத்தாழ 4,570 கோடி டாலராக இருந்த ஆண்டு விற்பனை 2005 இல் 8,100 கோடியைத் தாண்டியது. ஆனால் அதே 2005 ஆம் ஆண்டுக்கு மிச்சிகன் பல்கலைக் கழகத்தார் கணித்த வாடிக்கையாளர் மனநிறைவுக் குறியீட்டில் அந்த நிறுவனம் 73 இலிருந்து 67 க்குச் சரிந்தது. போட்டிக் கடையான 'லோஸ்' 78 பெற்றது. நாட்டின் பெரிய சில்லறைக் கடைகளில் கடைசி இடம் ஹோம் டிப்போவுக்கு!

2007 ஜனவரியில் நார்டெல்லி விலகினார். விலகும்போது அவருக்குச் சேர்ந்தது ஏறத்தாழ 21 கோடி டாலர். அடுத்து வந்த ஃபிராங்க் பிளேக் அந்த ஆண்டே வாடிக்கையாளரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கடைத்தளத்து ஆட்களைக் கவனிக்கத் தொடங்கினார்.

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் என் மனத்தைத் தைப்பது இதுதான்: விற்பனையை நாள்தோறும் அளந்தார்கள், தட்டின்முன் திகைத்து நின்றவனின் நேரத்தை எவரும் அளக்கவில்லை. அளக்காதது கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாததை வெட்டினால் வலிப்பதில்லை. வலி நமக்கு.

அப்படியானால் தெருமுனைக் கடையே போதுமா? எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் முதிய சர்தார்ஜி, ஆடிய எல்போவைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சுவரில் இருக்கும் பைப் என்ன நிறம்?" மஞ்சள் என்றோம். சரியானதை எடுத்துக் கொடுத்து, இதற்குப் பசையும் வேறு, பேட்டா, என்று அதையும் கொடுத்தார். ஐந்து நிமிடம், வேலை முடிந்தது. ஆனால் பில் கேட்டோம், சிரித்தார். அதே தெருவில் இன்னொரு கடையில் நம் இந்தியைக் கேட்டவுடன் விலை இரட்டிப்பாகிறது. தனியாகப் போகும் மாணவியர் அங்கே படும் சங்கடத்தை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சாவ்ரி பஜாரின் மொத்த வியாபாரியோ ஓர் எல்போ கேட்பவனை ஏறெடுத்தும் பாரார். ஆகையால் பழைய கடைக்குப் பல்லாண்டு பாட நான் வரவில்லை. எழுதிய விலை, கையில் பில், எவர் முகத்துக்கும் ஒரே மரியாதை ஆகிய நன்மைகள் பேரங்காடியில்தான் உண்டு. அவற்றோடு சர்தார்ஜியின் அந்த ஒற்றைக் கேள்வியும் சேர வேண்டும். பகுதிக்கு ஒருவராவது தொழில் தெரிந்தவர், கடையின் சம்பளத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தட்டிலும் மூவகைப் பைப்பின் மாதிரித் துண்டைக் கட்டித் தொங்கவிடட்டும். வாங்குபவன் பொருத்திப் பார்த்துக்கொள்வான். இதற்கு எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

கேட்டால் கொடுப்பார்களா என்றால், கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பண்டத்தைப் பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. "பெட்டியைப் பிரித்தால் எடுக்கமாட்டோம்" என்னும் அட்டை அதற்குமுன் வெறும் அட்டைதான். பண்டம் நல்லதாயிருந்து அளவு மாறியிருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் முறையிடலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட ஆணையம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நம் போன்றவர்க்கு இன்னொரு வசதி: கடை எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். படிப்பு முடிந்து மதுரைக்கோ சேலத்துக்கோ திரும்பிவிட்டாலும், அங்கிருந்தே தொடுக்கலாம். நாங்கள் 1915 ஐ அழைத்தோம். இரண்டு வாரத்துக்குள் குழாயின் விலை வந்து சேர்ந்தது. எல்போவுக்குக் கொடுத்த 18 ரூபாய் போனது போனதுதான்.

முறையீட்டில் அந்த இளைஞரின் பெயரை எழுதச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார்கள். எழுதவில்லை. குழாய்ப் பகுதியில் பயிற்சி பெற்ற ஆள் எவரையும் கடை வைக்கவில்லை என்று எழுதினோம்.

இவ்வாண்டு வெளியே அறையெடுத்த தோழர் தோழியர், சாமான் வாங்கிய பில்லைக் கசக்கி எறியாமல் வையுங்கள். அச்சு மங்கும் தாளாக இருந்தால் படம் எடுத்துவையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குமேல் நான் சங்க அறையில் இருப்பேன். முறையீடு எழுதுவதென்றால் சேர்ந்து எழுதலாம். ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிய பழைய வெர்னியர் ஒன்றும் அங்கே மேசை அறையில் இருக்கிறது. வேண்டியவர் எடுத்துப் போய், சுவரில் இருக்கும் பைப்பை அளந்துவிட்டு, மறவாமல் திரும்ப வைத்துவிடுங்கள்.