பழைய துறைமுகம் யாருக்கு? டிக்கெட் வாங்குறவனுக்கா, ஊருக்கா?

தோழர்களே,

புதுச்சேரி பழைய துறைமுகத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல மாத்தி அமைக்கிறாங்க. நல்லது, செய்யட்டும். பூட்டிக் கிடக்குற குடோனும் துருப்பிடிச்ச கேட்டும் அப்படியே இருக்கணும்னு நாம சொல்லல. ஆனா அதுக்கு வச்ச பேரைப் பாருங்க: "நகர்ப்புற பொழுதுபோக்கு மையம்". பொதுத் திடல்னு ஒரு பேர் வைக்கக்கூட மனசு வரல! பொழுதுபோக்கு மையம்னா வாடிக்கையாளர் வருவாரு. திடல்னா ஊர் வரும். நம்ம சண்டையே இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

அந்த இடம் யார் உழைப்புல நின்னதுன்னு கொஞ்சம் பார்ப்போம். புதுச்சேரியில இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் கரைக்கு வராது, கடலுக்குள்ளயே நங்கூரம் போட்டு நிக்கும். அலையைத் தாண்டி மூட்டையையும் ஆளையும் சலங்குப் படகுல ஏத்தி இறக்கினது நம்ம கடலோர மக்கள். மார்செய் நகருக்குப் போன வேர்க்கடலை, ஆப்பிரிக்காவுக்குப் போன நீலத்துணி எல்லாம் அவங்க தோள் வழியாத்தான் போச்சு. இந்தக் கரையில இருந்துதான் ஒப்பந்தக் கூலிகளையும் ஏத்தினாங்க. மார்த்தினிக் தீவுக்கு முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது 1853-ல, குவாதலூப்புக்கு 1854-ல. போனவங்கள்ல பெரும்பாலானோர் திரும்பவே இல்ல. அவங்க பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்னைக்கும் அங்க மாரியம்மனைக் கும்பிடுறாங்க. அந்தக் கரைக்கு நாம எழுதி வைக்கப் போறது "பொழுதுபோக்கு"ங்கிற ஒரு வார்த்தையைத்தானா?

"சுற்றுலா வந்தா வேலை வரும்"னு உடனே ஆரம்பிப்பாங்க. யாருக்கு வேலை? 1936 ஜூலை 30-ல 12 பேர் குண்டடி பட்டுச் செத்து, மறுவருஷமே 8 மணி நேர வேலையை வாங்கிக் கொடுத்த ஊர் இது. 2020-ல ஏஎஃப்டி மில்லை மூடினப்போ இந்த வேலைக் கணக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் வரல. இப்ப மட்டும் கஃபேல தட்டு எடுக்குற வேலையைக் காட்டி கரையைக் கேக்குறாங்க.

சரி, பிரெஞ்சு பாணின்னா நம்ம அதிகாரிகளுக்கு உயிர். மஞ்சள் சுண்ணாம்பு, வெள்ளைத் தூண், பிரெஞ்சுல தெருப் பலகை. அப்படியே காப்பி அடிங்க, ஆனா முழுசா அடிங்க! மார்செய் பழைய துறைமுகத்தை 2013-ல மாத்தினாங்க. வடிவமைச்ச குழுவுல நார்மன் ஃபாஸ்டர் இருந்தாரு, உலகப் புகழ் கட்டிடக் கலைஞர். அவர் அங்க மால் கட்டல. படகு கிளப்புகள் அடைச்சு வச்சிருந்த கரையைத் திறந்துவிட்டாங்க, வாகனங்களைக் குறைச்சு நடக்க இடத்தைக் கூட்டினாங்க. மெல்லிய தூண்கள் மேல கண்ணாடி மாதிரி மின்னுற ஒரு எஃகுக் கூரை வச்சாங்க. யாரு வேணாலும் கீழ நிக்கலாம், டிக்கெட் இல்ல. எல்லாத்தையும் விட முக்கியம், மீனவர்கள் அதே கரையில இன்னும் காலையில மீன் விக்கிறாங்க. நாத்தம் அடிக்குதுன்னு அவங்களை யாரும் விரட்டல.

இங்க? பக்கத்துலயே வம்பாகீரப்பாளையம். வலை உலர்த்த, பின்ன, படகு ஏத்த அவங்களுக்கு இடம் வேணும். அதைத் திடலோட வரைபடத்துல முதல் கோடா போடுங்க. மிச்சத்தை அப்புறம் வரையலாம்.

நிழல் விஷயம் இன்னொண்ணு. மே மாசம் மதியம் கிரானைட் தரையில வெறுங்காலோட நின்னு பார்த்திருக்காரா இதை வரைஞ்சவரு? உப்புக் காத்தைத் தாங்குற புன்னையும் பூவரசும் நம்ம ஊர்லயே இருக்கு. காசில்லாத குடிதண்ணி, காசில்லாத கழிப்பறை, படுத்து உறங்கத் தடையில்லாத திண்ணை வேணும். சுண்டல், பஜ்ஜி வண்டிக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி இடம் ஒதுக்கணும். கடற்கரைச் சாலையில சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டியை நிறுத்திட்டா எவ்வளவு ஜனம் நடக்க வருதுன்னு தினமும் பாக்குறோமே. அதுக்கு ஒரு ஷோவும் தேவைப்படல.

கடைசியா மணல். 1980-களோட கடைசியில அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல அலைத்தடுப்புச் சுவர் கட்டினதுல இருந்து, தெற்கே இருந்து வர்ற மணல் அங்கயே சிக்கிக்குது. வடக்கே கரை அரிச்சுப் போச்சு. தலைமைச் செயலகம் எதிரே செயற்கைத் திட்டு போட்டதும் கொஞ்சம் மணல் திரும்பினதைக் கண்ணால பார்த்தோம். சிக்கின மணலை அந்தப் பக்கம் எடுத்துப் போடுற வேலை ஒழுங்கா, வருஷம் பூரா நடக்கணும். 2022 மார்ச்சுல கடல் சீற்றத்துல பழைய துறைமுகப் பாலமே உடைஞ்சு விழுந்துச்சு. காங்கிரீட் பாலத்துக்கே அந்த கதின்னா உங்க ஃபுட் கோர்ட் எத்தனை நாள் நிக்கும்?

நம் கட்சி கேட்பது இதுதான்: நுழைவுக் கட்டணம் எந்த ரூபத்திலும் கூடாது. கரையை நீண்டகாலக் குத்தகைக்குத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது. முழு வரைபடத்தையும் தமிழில் வெளியிட்டு, வம்பாகீரப்பாளையத்திலேயே கூட்டம் போட்டு விளக்க வேண்டும்.

அந்தத் திடல்ல உங்களுக்கு என்ன வேணும், எது கூடாது? கமெண்ட்ல எழுதுங்க. மீனவர் குடும்பத்துத் தோழர்கள் கட்டாயம் எழுதுங்க. எல்லாத்தையும் தொகுத்து மனுவா கொடுக்கிறோம்.

#பழையதுறைமுகம்_ஊருக்கே
#கரையை_விற்காதே