புலி பார்த்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. உங்களில் பலர் இந்நேரம் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ இ-பாஸ் பதிவு செய்து முடித்திருப்பீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் இந்த நடைமுறை வந்தபோது முணுமுணுத்தவர்கள் உண்டு. மலைப்பாதையில் கோடைக்காலத்து வண்டி வரிசையைப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

முதுமலைக்குப் போய்த் திரும்பும் குழந்தையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘புலி பார்த்தாயா?’ என்பதுதான். பார்க்கவில்லை என்றால் குழந்தையின் முகம் வாடிவிடுகிறது. ‘அவ்வளவு தூரம் போயும் ஒன்றும் பார்க்கலையா?’ என்று நாமும் சேர்ந்து வருந்துகிறோம். காட்டுக்கு நேரும் கேடுகளில் பல இந்த ஏக்கத்திலிருந்துதான் பிறக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விலங்கைக் காட்டியே தீருவேன் என்று வாக்குக் கொடுப்பவர்கள் மசினகுடிப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். அனுமதியில்லாத இரவுச் சவாரி, கண்ணைப் பறிக்கும் விளக்கு, யானையின் தடத்தை மறித்து நிற்கும் ஜீப் எல்லாம் அந்த வாக்கை நம்பிப் பணம் கொடுப்பவர்களால்தான் ஓடுகின்றன. சீகூர்ப் பகுதியில் யானைகளின் வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகளை மூடும்படி 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. சில மாதங்களில், விடுதிப் பக்கம் வந்த யானை ஒன்றின் மீது எரியும் டயரை வீசிய காணொளி வெளியானது. காதில் தீயோடு அது ஓடியதை நாடே பார்த்தது. அதற்குள் அந்த யானை இறந்துவிட்டிருந்தது. அந்தக் காட்சியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சத்தியமங்கலம் காட்டில் காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் யானைகள் சாலையோரம் காத்து நிற்பதைப் பலர் படம் எடுத்துப் பகிர்கிறார்கள். கரும்பு லாரிகளிலிருந்து விழுவதும், ஓட்டுநர்கள் போடுவதுமான கரும்புதான் அவற்றை அங்கே நிற்க வைக்கிறது. குட்டியும் தாயோடு வந்து அதையே பழகுகிறது. நாம் மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு நீட்டும் பிஸ்கட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாலைக்கு வந்தால் சாப்பாடு என்று கற்றுக்கொண்ட குரங்கு, ஒருநாள் டயருக்கடியில் கிடக்கும். உப்புக்கும் வாசத்துக்கும் இழுக்கப்பட்டு, சிப்ஸ் பாக்கெட்டை உறையோடு மெல்லும் மான்களும் உண்டு. கருணை என்று நினைத்துத்தான் கொடுக்கிறோம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நீலகிரிக்குப் போகிறவர்கள் குடிநீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை இருக்கிறது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வனத்துறை வண்டியில் ஏறி, பேச்சை நிறுத்தி, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மரத்தின் மேல் மந்திகள் இலையையும் காயையும் தின்றுகொண்டே பாதியைக் கீழே சிந்தும். அதைப் பொறுக்கித் தின்னப் புள்ளிமான்கள் அடியில் கூடும். உயரத்திலிருந்து மந்திக்குத் தூரம் தெரியும். மானுக்கு மோப்பம் கூர்மை. புலியோ சிறுத்தையோ நெருங்கினால், முதலில் அறிந்தது எதுவோ அது குரல் கொடுக்கும், இரண்டும் தப்பும். அந்த எச்சரிக்கைக் குரலை ஒருமுறை கேட்டுவிட்டால், புலி கண்ணில் படாவிட்டாலும் அது எங்கேயோ பக்கத்தில் நடக்கிறது என்பது உடம்புக்கே தெரியும். குழந்தைகள் இதை ஒருபோதும் மறப்பதில்லை. யானைச் சாணத்தில் முளைவிடும் விதையையும், மரத்தின் பட்டையில் புலி நகம் பதித்த கீறலையும், கிளைக்குக் கிளை தாவும் மலையணிலையும் காட்டச் சொல்லுங்கள். காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் அந்தக் காட்டில் காவலர்களாகவும் பாகன்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கைக் கூட எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. மரியாதையோடு ‘அண்ணா, இது என்ன தடம்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

தெப்பக்காடு யானை முகாமுக்கு, அங்கே எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் வென்ற பிறகு, கூட்டம் பெருகியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அங்கிருக்கும் பாகன் குடும்பங்களின் வீட்டு வாசலில் நின்று கைப்பேசியை நீட்டுவது வேண்டாமே. அவர்கள் காட்சிப்பொருள் அல்லர்.

முதுமலையையும் பந்திப்பூரையும் கடக்கும் சாலை இரவு 9 மணிக்கு மூடப்பட்டு காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. பயணத் திட்டத்தை இதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகிவிட்டதே என்று காட்டுச் சாலையில் விரட்டிப் போவதைவிட, கீழே ஊரில் ஒரு இரவு தங்கிவிடுவது நல்லது.

திரும்பி வந்ததும் எங்களுக்கு எழுதுங்கள். எந்த விலங்கைப் பார்த்தீர்கள் என்பதோடு, உங்கள் வீட்டுக் குழந்தை காட்டில் என்ன கேட்டது, எதை முகர்ந்தது, எந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாமல் போனது என்பதையும் எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பதில் தெரியாத கேள்விகளை வனத்துறையில் பணியாற்றுபவர்களிடம் நாங்களே கேட்டு வாங்கித் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்