கேபினுக்குள் கசியும் நீர்: மூடி மறைக்க வேண்டாம், தேடிச் சரிசெய்வோம்

மழைக்காலத்தில் சரக்கேற்றும் பிக்கப் வண்டிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பின்னால் ஏற்றிய துணிப்பொதிக்கும் அரிசி மூட்டைக்கும் இரண்டு அடுக்குத் தார்ப்பாய் போர்த்தி, கயிற்றை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். முன்னால், ஓட்டுநரின் காலடியில் தேங்கி நிற்கும் நீரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒரு பழந்துணியால் துடைத்து, மிதியடியை வெயிலில் உலர்த்தி, அடுத்த மழை வரை மறந்துவிடுகிறோம். நம்மில் வணிகம் செய்யும் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தகைய வண்டியே சோறு போடுகிறது. ஆகையால் இதை ஒரு சில்லறைத் தொல்லை என்று ஒதுக்குவது சரியன்று என்பது என் கருத்து. வண்டியை ஓட்டுபவர், உடைமையாளர், நாளை அதை விலைக்கு வாங்கப்போகிறவர் ஆகிய மூவரின் உரிமையும் இந்தக் கசிவில் அடங்கியிருக்கிறது.

முதலில் கேட்டைப் பார்ப்போம். மேல்விரிப்பு காய்ந்துவிட்டாலும் அதன் அடியிலுள்ள பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரம் தரைத்தகட்டை அரிக்கிறது; மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இருக்கைக்கு அடியிலும் பக்கவாட்டிலும் செல்லும் வயர்களின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு படர்கிறது. இன்றைய வண்டிகளில் காற்றுப்பைக்கான வயர்களும் அவ்வழியே செல்வதுண்டு. உள்ளே தேங்கிய ஈரம் கண்ணாடியில் மூட்டமாகப் படிந்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கிறது. நனைந்த செருப்பு பிரேக் மிதியில் வழுக்குகிறது. பூஞ்சை பிடித்த கேபினுக்குள் நாளெல்லாம் மூச்சுவிடுகிறவர் சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் ஒரு மனிதர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சரக்கு நனையாமல் காக்கும் அக்கறையில் பாதியாவது அவருக்கும் சேர வேண்டாமா?

அடுத்து, நீர் தென்படும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கேபினின் பின்புற உச்சியிலுள்ள பிரேக் விளக்கின் ரப்பர் தளர்ந்தால், அங்கு நுழையும் நீர் கூரையின் உள்விரிப்புக்குப் பின்னே வழிந்து இருக்கையின் அடியில் வந்து தேங்கும். பார்ப்பவர் தரையில்தான் ஓட்டை என்று எண்ணி அங்கே பூசுவார். பட்டறையில் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் வீணாகிறது. கண்டுபிடிப்பது முக்கால் வேலை. அடைப்பது கால் வேலைதான்.

எனவே, எந்த நீர் என்று முதலில் கேட்க வேண்டும். மழையே இல்லாத நாளில், ஏசி ஓடும்போது இடப்பக்கக் காலடி நனைந்தால், ஏசியின் கூலிங் காயிலில் சேரும் நீரை வெளியேற்றும் சிறு குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அதைச் சுத்தம் செய்தாலே போதும். நீர் பிசுபிசுத்து, இனிப்பான வாடை வீசி, ரேடியேட்டர் பக்கத்தில் கூலன்டும் குறைந்துவந்தால், அது ஹீட்டர் வழியே வரும் கசிவு. அதைத் தள்ளிப்போட்டால் இன்ஜினுக்கே ஆபத்து. மழையிலும் கழுவும்போதும் மட்டும் நனைந்தால்தான் வெளியிலிருந்து நுழையும் வழியைத் தேட வேண்டும்.

அந்த வழிகள் எண்ணற்றவை அல்ல. வைப்பருக்குக் கீழேயுள்ள பள்ளத்தில் இலைச்சருகு சேர்ந்து வடிகால் அடைபட்டால், நீர் நிரம்பிக் காற்று உள்ளே வரும் துளை வழியாகக் கேபினுக்குள் இறங்கும். வேப்ப மரத்தடியில் நிறுத்தப்படும் வண்டிகளில் இது சாதாரணமாக நேர்வது. முன்கண்ணாடியின் ஒட்டுப்பசை, பின்கண்ணாடியின் ரப்பர், கதவின் பீடிங், கூரையில் கேரியருக்கும் ஆன்டெனாவுக்கும் போட்ட துளைகள், கூரைத்தகடுகள் சேரும் விளிம்பு, இன்ஜின் பக்கத்திலிருந்து வயர்கள் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் வளையம், தரைத்தகட்டின் ரப்பர் மூடிகள் ஆகியவை ஏனைய இடங்கள். கதவைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கதவுக் கண்ணாடியின் ஓரமாகச் சிறிது நீர் கதவுக்குள் இறங்குவது இயல்பே. அது கீழ்விளிம்புத் துளைகள் வழியே வெளியேறிவிடும். அத்துளைகளைச் சேறு அடைத்தாலோ, உட்பக்க அட்டைக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாளைப் பழுது பார்த்தவர் கிழித்துவிட்டாலோதான் அந்நீர் கேபினுக்குள் திரும்புகிறது.

சோதிக்கும் முறையும் எளியது. விரிப்பை முழுவதும் எடுத்து உள்ளே நன்றாக உலர்த்துங்கள். சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். நீர் ஓடினால் அதில் கோடு விழும். ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமரட்டும். மற்றொருவர் வெளியிலிருந்து குழாய் நீரை மெதுவாக, கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் நிறுத்தி ஓடவிடட்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடங்களையும் ஒருசேர நனைத்துக் குழப்பிவிடும். கழுவும் நிலையத்தின் வேகமான பீய்ச்சல் இதற்கு உதவாது. நல்ல ரப்பரையும் அது தாண்டிவிடும். கதவின் பீடிங்கைச் சோதிக்க ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அங்கே பிடிப்பு இல்லை. கதவுகளை அடைத்து, வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் உள்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே சோப்பு நீரைத் தடவினாலும் பழுதான இடத்தில் குமிழி எழக்கூடும்.

அடைக்கும் விஷயத்தில் நம் பழக்கம் மாற வேண்டும் என்று வலியுறுத்துவேன். கண்ட இடத்திலெல்லாம் சிலிக்கானைப் பிதுக்குவது பழுது நீக்கம் ஆகாது. காடி வாடை வீசும் சிலிக்கான் இரும்புத் தகட்டை அரிக்கும் தன்மையுடையது. அதன்மேல் பெயின்டும் ஒட்டாது, பின்னர் பூசும் சரியான பசையும் ஒட்டாது. வெளியேறும் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால், உள்ளே வந்த நீர் அங்கேயே சிறைப்படும். பழைய பசையைச் சுரண்டி, துருவை நீக்கி, ஈரமின்றி உலரவிட்டு, வண்டிகளுக்கென விற்கும் சீலன்ட்டைப் பூசுவதே முறை. தளர்ந்த பீடிங்கை மாற்றிவிடலாம். முன்கண்ணாடியைக் கழற்றி ஒட்டும் வேலையை மட்டும் கண்ணாடிக் கடைக்காரரிடமே விடுங்கள்.

“ஓடுகிற வண்டியை ஒரு நாள் நிறுத்தினால் அன்றைய வருமானம் போகுமே” என்று சிலர் கூறுவர். நியாயமான கவலைதான். ஆயினும் சருகை அள்ளுவதற்கும் துளையைக் குத்திவிடுவதற்கும் செலவே இல்லை. தரைத்தகடு இற்றுப்போன பின் டிங்கர் வேலைக்கு வண்டி பல நாள் நிற்க வேண்டிவரும். வெள்ளம் வருமுன் அணைபோடச் சொன்ன முன்னோர் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

இனி மூன்றாமவரின் உரிமைக்கு வருகிறேன். கசியும் வண்டியை விற்க நினைப்பவர் என்ன செய்கிறார்? புதிய விரிப்பு போட்டு, வாசனைத் திரவியம் தெளித்து, வெயில் காயும் மாதத்தில் வாங்குபவரை அழைக்கிறார். சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரலில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். மழை பட்டுவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. மழை பெய்தது அவர் குற்றமன்று. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். புதிய விரிப்புக்கு அடியிலுள்ள ஈரத்துக்கும் அந்தத் தானியத்துக்கும் என்ன வேறுபாடு? மறைக்கப்பட்ட குறையைப் பின்னர் கண்டறிந்த வாங்குபவர் பொருளைத் திருப்பித் தரலாம் என்பது நம் மார்க்கச் சட்டத்தில் தெளிவான விதி.

சென்னையை 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் வெள்ளம் சூழ்ந்தது. நீரில் மூழ்கிய வண்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வருவது எந்த வெள்ளத்துக்குப் பின்னும் நடப்பதுதான். வாங்குபவரும் விழிப்பாக இருக்க வேண்டும். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுக்கறை உண்டா என்று நோக்குங்கள். இருக்கையின் அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு உண்டா என்று தடவிப் பாருங்கள். பார்க்க வேண்டாம் என்று தடுப்பவரிடம் வாங்காதீர்கள்.

விற்பவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: “இந்த இடத்தில் கசிந்தது, இப்படிச் சரிசெய்தேன்.” விலையில் சில ஆயிரம் குறையலாம். குறைந்த அந்தத் தொகைக்கு ஈடாகக் கிடைப்பது ஹலாலான வருமானம். வாங்கியவரின் முகத்தை நாளை கடைத்தெருவில் தயக்கமின்றிப் பார்க்கும் துணிவு. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், வரும் ஜும்ஆவுக்கு முந்தைய நாளோ பிந்தைய நாளோ, ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் வண்டியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். நம் வாகனங்களிலும் வணிகத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.