டெம்பரரி டீச்சர் என்றால் இளக்காரமா?

மரக்காணம் பகுதியில், உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில், தற்காலிக ஆசிரியையாக இருக்கிறேன். பெற்றோர் இருவரும், விடியும் முன்பே அளத்துக்குப் போய் விடுவர். பிள்ளைக்கு ஜுரமா, சண்டையா... எல்லாம் டீச்சர் தலையில் தான். மழைக்காலத்தில் உப்பு வேலை நின்று, வீட்டில் காசு புரளாது. நோட்டு வாங்கி வரச் சொல்லவே வாய் வராது. இதெல்லாம் புரிந்து, பிள்ளைகளும் நம்மிடம் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில், நிரந்தர ஆசிரியை வந்து விட்டால், கிளம்ப வேண்டியது தான்!

கடந்த 2022ல், அரசு பள்ளி காலியிடங்களுக்கு, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஆள் எடுத்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்த மாதச் சம்பளம், 7,500 ரூபாய். பின், 12 ஆயிரமாக உயர்த்தினர். கல்வியாண்டு முடிந்தால், அதுவும் நின்று விடும்.

இதில், 'டெம்பரரி டீச்சர் தானே...' என, சில அம்மாக்கள் பிள்ளைகள் எதிரிலேயே பேசுகின்றனர். அதைக் கேட்ட பிள்ளை, மறுநாள் வகுப்பில் பாடத்தைக் கவனிக்குமா? நஷ்டம் யாருக்கு?

சகோதரிகளே... 2009ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போனால், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், 'அந்த டீச்சருக்கு மாசாமாசம் சம்பளம் வருதா, அனுபவச் சான்று கொடுப்பீங்களா, வருஷ நடுவுல மாத்தாம இருக்க முடியாதா...' என்று கேளுங்கள்.

எங்கள் வேலை தற்காலிகமாக இருக்கலாம். நாங்கள் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பாடு, உங்கள் பிள்ளைக்கு ஆயுசுக்கும் கூட வருமே!

— ஒரு வாசகி, மரக்காணம்.