ஒரு கிலோ பருப்பு சொல்லும் பாடம்

பிளஸ் டூ முடிவு வந்தால் நம் வணிகர் வீடுகளில் இரண்டே பேச்சுதான். மதிப்பெண் கூடினால் இன்ஜினீயரிங், குறைந்தால் பி.காம். விஞ்ஞானத்துக்குப் பெயர்போன கல்விக்கூடத்தில் பொருளாதாரமோ வணிக நிர்வாகமோ படிக்கலாம் என்று யாராவது சொன்னால், "மளிகைக் கடையில் ஜவுளி வாங்கவா?" என்று சிரிக்கிறோம். இந்தச் சிரிப்பால் நஷ்டம் நம் பிள்ளைகளுக்குத்தான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) இயந்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பேர்போனது. அங்கே 1914லேயே நிர்வாகப் பாடம் தொடங்கிவிட்டது. 2019ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் அப்போது அங்கே பேராசிரியர்கள்.

அவர்கள் ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பகுதிக் கிராமங்களில் செய்த சோதனை நாம் அறிய வேண்டியது. 2010ல் வெளியான முடிவு இது. முகாம் இல்லாத ஊர்களில் தடுப்பூசி முழுவதும் போட்ட குழந்தைகள் 100க்கு 6. மாதந்தோறும் முகாம் நடத்திய ஊர்களில் 18. முகாமோடு ஊசிக்கு ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39.

பருப்பு கொடுத்தால் செலவு ஏறும் என்றுதானே நினைப்போம்? குழந்தை ஒன்றுக்கு ஆன செலவு பாதியாகக் குறைந்தது! நர்ஸ் சம்பளமும் முகாம் செலவும் பத்துப் பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றே. விற்பனை பெருகினால் மூட்டைக்கு விழும் கடை வாடகை குறைகிறதல்லவா, அதே கணக்குத்தான். மருந்தைச் சோதிப்பது போலக் கொடுத்த ஊரையும் கொடுக்காத ஊரையும் ஒப்பிட்டு அளந்து சொன்னார்களே, அதுதான் விஞ்ஞானப் பழக்கம். அனுமானத்தை நம்பாமல் தராசில் வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் வியாபாரிக்கும் வேண்டும்.

நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் எம்.பி.ஏ. உண்டு. 2006ல் தொடங்கிய ஐந்தாண்டு எம்.ஏ. இப்போது ஈராண்டுப் படிப்பாக நடக்கிறது. பட்டம் பெற்றபின் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும்.

ஆனால் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துச் சேர்த்துவிடக் கூடாது. மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் சரக்கு எடுக்கிறோமா? அந்தத் துறைக்கென்று எத்தனை ஆசிரியர்கள், நூலகம் எப்படி, மற்ற துறைப் பாடங்களையும் எடுக்க விடுவார்களா, படித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். சில இடங்களில் இவை ஒப்புக்கு நடக்கும் துறைகள். அங்கே சேருவதைவிட நல்ல கலைக் கல்லூரியே மேல்.

இன்னொன்று கணிதம். கஷ்டம் என்று பிளஸ் ஒன்னிலேயே அதை விட்டுவிட்டால், பிறகு பல இடங்களில் பொருளாதாரப் படிப்புக்கு விண்ணப்பமே போட முடியாது. பேரேடு எழுதும் வீட்டுப் பிள்ளை கணக்குக்குப் பயப்படலாமா? வணிகவியல் எடுத்தாலும் கணிதத்தை விடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோராகிய நம் பொறுப்பு. படித்த பிள்ளை கடைக்குத் திரும்பினாலும் சரி, வேறு உத்தியோகம் பார்த்தாலும் சரி, அளந்து பார்த்துப் பேசுகிறவனாக, பேசுகிறவளாக இருந்தால் அதுவே நாம் போட்ட முதலுக்கு லாபம்.